தோஸ்துவின் புதுத் தொட்டி

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். பேரன் வளர்க்கும் மீன்களுக்கு இருக்கிற தொட்டி போதவில்லையாம், பெரிதாக ஒன்று வாங்கப் போகிறாளாம், எந்த ஃபில்டர் போட்டால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று கேட்டிருந்தாள். நீங்கள் போட்ட பதில்களையெல்லாம் படித்தேன். தொட்டியே வேண்டாம், காசிமேட்டுக்கு வா, வஞ்சிரமாகவே வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள் ஒருத்தி. இன்னொருத்தி சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்பியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மூட்டுவலித் தைலம் சொல்கிறவள் இதிலும் புகுந்து தைலம் சொல்லியிருக்கிறாள். நான் ஒன்றும் எழுதவில்லை. உட்கார்ந்தால் ஒரு வரியில் முடியாது என்று எனக்குத் தெரியும். இப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் நமக்கு வேறு என்ன அவசரம், பொறுமையாகப் படியுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்கு எங்கள் வீடு தெரியும். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பல குடித்தனங்கள் ஒட்டிக்கொண்டிருந்த வீடு. துறைமுகத்தில் கரி இறக்குகிற நாட்களில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்தில்தான் இறங்கும். நம் சிஸ்டர் என் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் சோப்பே கிடையாதா என்று வகுப்பில் கேட்டார்களே, அந்த வீடுதான். முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்ன மீன் தொட்டி இருந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய தொட்டியை உங்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

சின்னத் தொட்டி என் மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். விசைப்படகில் கடலுக்குப் போகிற வேலை. போவார், போகாமலும் இருப்பார். போகாத ஒரு நாளில் பிராட்வே பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்த வண்ணமீன் கடையிலிருந்து ஒரு பாலிதீன் பையில் விரல் நீள மீன் ஒன்றை வாங்கி வந்தார். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள். கடைக்காரர் அதை ஆஸ்கர் என்று சொல்லிக் கொடுத்தாராம். மாமா அதற்குத் தோஸ்து என்று பெயர் வைத்தார்.

தெருவே சிரித்தது. மீன் பிடித்து, மீன் விற்று, மீன் தின்று வளர்ந்த குடும்பத்தில் ஒருவன் மீனுக்கு ஊட்டிவிடுகிறான் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"ஒரு நாளு பாரு, எங்கூட்டு கொயம்புல தான் கெடக்கப்போவுது" என்பாள் பக்கத்துக் குடித்தனத்து அக்கா.

"உன் புருஷன வேணா கொயம்புல போடுக்கா. எந்தோஸ்து மேல கை வெச்சே, பேஜாரா பூடும்" என்பார் மாமா.

அந்த மீனுக்கு ஆள் தெரியும். நான் போய் நின்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணாடிக்கு வந்து முட்டும். இறாலை உரித்து நகத்தளவு கிள்ளி மாமா நீட்டினால் அவர் விரலிலிருந்தே பிடுங்கித் தின்னும். கோபம் வந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, செத்தது போலத் தரையில் படுத்துக்கொள்ளும். மாமா கண்ணாடியில் கன்னத்தை வைத்து, "இன்னா தோஸ்து, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற" என்று சமாதானம் பேசுவார். கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்ளும். நாங்கள் பிள்ளைகள் கைதட்டுவோம்.

தொட்டியின் மூலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருந்தது. உள்ளே பஞ்சு. வெளியே இருந்த காற்று மோட்டார் அதற்குள் குமிழி விட, தண்ணீர் பஞ்சு வழியாகப் போய் வரும். அந்தக் காலத்து ஃபில்டர் அவ்வளவுதான். மாமா சோம்பேறி. பஞ்சைக் குழாயடிக்கு எடுத்துப்போய்க் கழுவ மாட்டார். தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் மொண்டு, அதில் இரண்டு பிழி பிழிந்து, கறுப்பும் வழவழப்புமாக அப்படியே திரும்ப வைத்துவிடுவார்.

இது என் நைனாவுக்குப் பொறுக்காது. நைனாவுக்கு மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பாய்லருக்குப் போகிற தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புகிற ஃபில்டர் ஹவுஸில் ஆபரேட்டர். ஆள் உயரத்துக்கு இரும்புத் தொட்டிகள், உள்ளே மணலும் கரியும். அந்தத் தண்ணீரில் துளி அழுக்கு இருந்தாலும் பாய்லர் குழாயில் படிந்து நாசமாக்கிவிடும் என்று எங்களிடம் பயமுறுத்திச் சொல்வார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அம்மாவுக்கு மானம் போகும்.

"இன்னாடா இது, கலீஜா கீது. பஞ்சுன்றியா, சாக்கடையில வாரிகினு வந்தியா?" என்பார்.

"அது பயகுன பஞ்சு மச்சான். தோஸ்துக்கு அந்த வாசன தான் புடிக்கும்."

இருவருக்கும் இது ஒரு விளையாட்டாகவே இருந்தது. ஒரு நாள் காலை மட்டும் அப்படி இல்லை. மாமா கொஞ்ச நாட்களாகக் கடலுக்குப் போகாமல் இருந்தார். நைனா ஷிஃப்ட் முடிந்து, தூக்கமும் எரிச்சலுமாக உள்ளே வந்தார். மாமா தொட்டி முன்னால் உட்கார்ந்து இறால் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"தபாரு, மீனுக்கு ஊட்டிகினு வூட்டுலயே குந்திகினு கீற. ஆம்பளன்னா கடலுக்குப் போடா" என்றார் நைனா.

மாமா சிரித்தார். அவருக்கு எதற்கும் சிரிப்புதான். "போறேன் மச்சான், இன்னா இப்போ. வர்ற வரைக்கும் தோஸ்த பாத்துக்கோ" என்று விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார்.

அந்த வாரம் கடலில் காற்று அடித்தது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. மாமா போன படகு வரவில்லை. அம்மா தினமும் காசிமேட்டுப் படகுத்துறைக்குப் போய் நின்றாள். பள்ளி விட்டதும் நானும் போய் அவள் பக்கத்தில் நிற்பேன். ஐஸ் உடைக்கிற சத்தமும் டீசல் நாற்றமும், வருகிற படகையெல்லாம் அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதும் எனக்கு இப்போதும் அப்படியே இருக்கின்றன. ஒரு நாள், பழவேற்காடு பக்கம் அந்தப் படகின் பலகை ஒன்று ஒதுங்கியதாகச் சேதி வந்தது. வீட்டு வாசலில் சொந்தக்காரப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்கள். அம்மா காசிமேட்டிலிருந்து திரும்பி வந்தவள், அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய்த் தொட்டியின் பக்கத்தில் நின்றாள்.

"யாரும் வாயத் தொறக்காதீங்கோ. அவன் மீனு உசுரோட கீது. அவனும் கீறான்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே சட்டமாகிவிட்டது. தோஸ்து சாப்பிட்டால் மாமா எங்கேயோ ஏதோ ஒரு கரையில் சாப்பிடுகிறார். தோஸ்து சோர்ந்து கிடந்தால் அம்மா அடுப்பை மூட்ட மாட்டாள். நைனா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டியைத்தான் முதலில் பார்ப்பார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வாரத்துக்கு ஒரு தரம் புளியந்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்து மன்றாடுவாள்.

"பூச வெக்காம வுட்டா அவன் ஆத்துமா அல்லாடும்டீ. கோயில்ல பேரு குடுத்துடு."

"உசுரோட கீறவனுக்கு இன்னாத்துக்குப் பூச?"

பெரியம்மா நைனாவைப் பார்ப்பாள். நைனா தரையைப் பார்ப்பார். கல்லறைத் திருநாள் வந்தது. தெருவில் எல்லோரும் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போனார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தோம்.

இதற்குள் மீன் வளர்ந்துவிட்டிருந்தது. நைனாவின் உள்ளங்கை அகலம். திரும்ப வேண்டுமானால் வாலை மடித்துத்தான் திரும்ப வேண்டும். மாமா போன பிறகு அந்தப் பஞ்சைப் பிழிய ஆளில்லை. அம்மாவோ அதற்கு நேரம் காலமில்லாமல் இறால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் போல வெளுத்து, அறையில் ஒரு நாற்றம் வர ஆரம்பித்தது. ஒரு நாள் தோஸ்து மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக் காற்றைக் கவ்வியது.

"அதுக்கு மூச்சு முட்டுது" என்று அம்மா சொன்னபோது அவள் குரலே வேறாக இருந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா பாத்துகினு நிக்கிற? அதுக்கு எதுனா பண்ணு."

நைனாவுக்கு ஒன்று தெரிந்திருந்தது என்றால் அது தண்ணீர்தான். உலகத்தில் தன்னால் சரி செய்யக்கூடிய ஒரு காரியம் கடைசியில் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது போல அவர் அன்றே கிளம்பினார். என்னையும் கூட்டிப்போனார்.

பிராட்வே சந்துக் கடைக்காரர் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காட்டினார். அதற்கு எந்த ஃபில்டர் என்று பேச்சு வந்தது. மூலையில் வைக்கிற பஞ்சு டப்பாவில் கொஞ்சம் பெரியது இருந்தது. கூழாங்கல்லுக்கு அடியில் போடுகிற ஓட்டைத் தட்டு ஒன்று இருந்தது. முதுகில் தொங்கவிடுகிற வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் கண்ணாடி அலமாரியில் இருந்தது. நைனா ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மணிக்கு எவ்ளோ தண்ணி ஓடும்?"

"அது ஓடும் சார், நல்லா ஓடும்."

"பேக்வாஷ் எப்டிப் பண்றது?"

கடைக்காரர் விழித்தார். பேக்வாஷ் என்றால் ஃபில்டருக்குள் தண்ணீரைத் தலைகீழாகப் பாய்ச்சி, மணலில் சேர்ந்த அழுக்கை வெளியே தள்ளுவது. நைனாவின் ஃபில்டர் ஹவுஸில் ஷிஃப்டுக்கு ஒரு தரம் செய்வார்கள். அதைக் கேட்டிராத ஒருவனிடம் ஃபில்டர் வாங்குவதாவது என்று நைனா முடிவு செய்துவிட்டார். தொட்டியை மட்டும் வாங்கினார். கிளம்பும்போது கடைக்காரர், "பழைய டப்பாவயும் பஞ்சையும் கொஞ்ச நாளு புதுசுல போட்டு வையுங்க சார். எங்க கடையில அப்டித்தான், ஒரு ராசி" என்றார்.

"ராசியாம்" என்று நைனா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

தொட்டி மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. தெருவில் அதற்கும் ஒரு சிரிப்பு. நைனா யாரையும் சட்டை பண்ணவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு நீல ட்ரம் பிடித்தார். அடியில் கூழாங்கல், மேலே பருமணல், அதற்கு மேல் பொடிமணல், உச்சியில் அடுப்புக்கரி. ஏர் கூலரில் இருக்குமே சின்ன மோட்டார், அது தண்ணீரை ட்ரம்முக்கு ஏற்றும். மணலில் இறங்கிச் சுத்தமாகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். தொழிற்சாலையில் அவர் வருஷக்கணக்காக ஓட்டியதையே எங்கள் முன்னறைக்குச் சுருக்கிக் கட்டினார். மணலை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, அலசி, மறுபடி கழுவி, கையில் எடுத்துத் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வருகிற வரைக்கும் விடவில்லை. பிளீச்சிங் மீனுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். அது துளிகூட மிஞ்சாதபடி கரி உறிஞ்சிவிடும் என்றும் தெரியும். அந்தக் கணக்கில் அவர் தவறவேயில்லை. அம்மா சுவரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் முகத்தில் வியர்வை வழிய வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே எழுந்துபோய் அடுப்பை மூட்டுவாள்.

பழைய டப்பாவின் கறுப்புப் பஞ்சை நைனா இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் எறிந்தார். சின்னத் தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மொட்டை மாடியில் கவிழ்த்தார்.

மோட்டாரைப் போட்ட அன்று தெருவே எங்கள் முன்னறையில் நின்றது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. பின்னால் சுவரில் இருந்த காரை விரிசல்கூடத் தெரிந்தது. நைனா ஒரு டம்ளரில் மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பிறகு எல்லோரும் பார்க்க அதைக் குடித்தார். பக்கத்துக் குடித்தனத்து அக்கா, "எங்கூட்டுக் கொழந்தைங்களுக்கு ஒரு கொடம் குடேன் அண்ணாத்த" என்றாள். அன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை.

தோஸ்துவைப் புதுத் தொட்டியில் விட்டதும் அது தரைக்குப் போய்ப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. பெரியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா கண்ணாடியில் கன்னத்தை ஒட்ட வைத்து, மாமாவின் குரலிலேயே, "இன்னா தோஸ்து, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற" என்றாள். மறுநாள் காலை அது எழுந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நீந்தியது. வாலை மடிக்காமல் திரும்பியது. அம்மாவின் விரலிலிருந்து இறாலைப் பிடுங்கியது. அன்று அம்மா எங்கள் எல்லோருக்கும் தட்டு வைத்து, தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். நைனா அவள் சாப்பிடுவதைப் பார்க்காதது போலப் பார்த்தார். அந்த வாரம் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது. இருந்தது என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

தோழிகளே, இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி, அந்த வயதில் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல வருஷம் கழித்து என் மகன் ஒரு தொட்டி வாங்கினான். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாதும்மா, ஃபில்டர் முதலில் பழக வேண்டும் என்றான். மீனின் கழிவிலிருந்து தண்ணீரில் ஒரு விஷம் சேர்கிறது. அதற்கு நிறம் கிடையாது. கண்ணாடி போன்ற தண்ணீரிலும் அது இருக்கும். அதைத் தின்று தீர்க்கிற நல்ல கிருமிகள் பஞ்சிலும் மணலிலும் வழவழவென்று படிந்து வளர வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றான். பழைய ஃபில்டரின் அழுக்குப் பஞ்சைப் புதுசில் போட்டால் அந்தக் கிருமி சீக்கிரம் பரவும், அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடக் கூடாது, தொட்டித் தண்ணீரில் பிழிந்தாலே போதும் என்றும் சொன்னான். அவன் அதை ஏதோ வீடியோவில் பார்த்திருந்தான். எனக்கு மாமா கிண்ணத்தில் பஞ்சைப் பிழிந்தது கண்ணுக்கு நேராக வந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போது நைனா உயிரோடு இல்லை. இதைக் கேட்க அவர் இல்லாததே நல்லது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து அழுதேன்.

என் நைனா நல்ல ஃபில்டர்தான் கட்டினார். தொட்டிக்கு வேண்டியதைவிடப் பெரியதாகவே கட்டினார். அந்த மணலை மட்டும் அவர் சும்மா விட்டிருந்தால் போதும். ஆனால் அவர் படித்த வேலையில் மணலில் வழவழப்பு வந்தால் அது ஆபரேட்டரின் குற்றம். தினமும் பேக்வாஷ் செய்தார். கரியைக் கொட்டிப் புதுக் கரி போட்டார். அந்தக் கிருமி கொஞ்சம் கொஞ்சமாக வந்து ஒட்டியிருக்கும், ஒவ்வொரு நாளும் அவரே அதைக் கழுவி வெளியே தள்ளினார்.

தோஸ்து மறுபடி மேலே வந்து காற்றைக் கவ்வ ஆரம்பித்தது. செவுள் சிவந்து புண்ணாகத் தெரிந்தது. இறாலை வாயில் வாங்கித் துப்பியது. அது சாப்பிடவில்லை என்று அம்மா இன்னும் இரண்டு தரம் போட்டாள். தின்னாதது தரையில் கிடந்து ஊறியது. நைனா பேக்வாஷை இரண்டு வேளையாக்கினார். மணலையெல்லாம் வாரி வெளியே கொட்டி, பிளீச்சிங் போட்டுத் திரும்பக் கழுவினார். அவர் கைகள் வெந்து தோல் உரிந்தன. ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், அங்கே சோதனைச் சாலையில் இருந்தவரைக் கெஞ்சிப் பார்க்கச் சொன்னார். சாயங்காலம் ஓடி வந்தார்.

"தண்ணி ஃபஸ்ட் கிளாஸ்மே. கலங்கல் இல்ல, இரும்பு இல்ல, உப்பு இல்ல. நம்ம பாய்லருக்கே வுடலாம்னு சொல்லிட்டாரு" என்றார். அங்கே பாய்லருக்கு எது கெடுதலோ அதைத்தான் பார்ப்பார்கள், மீன் கழிவின் விஷத்தைப் பார்க்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தொட்டியில் மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "அப்டின்னா சரியாப் பூடும்" என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் பெருமழை. கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. நைனா வேலையில் இருந்தார். குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் நின்றதும் தோஸ்து தலைகுப்புறச் சாயத் தொடங்கியது. அம்மா ஒரு சொம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். காற்று கலக்கட்டும் என்று. கை ஓய்ந்ததும் நான் வாங்கி ஊற்றினேன். பக்கத்துக் குடித்தனத்து அக்கா நனைந்துகொண்டு வந்து என் கையிலிருந்து சொம்பை வாங்கினாள். அவளுக்குப் பிறகு அவள் பிள்ளைகள், எதிர் வீட்டுப் பெண்கள் என்று வரிசை நின்றது. குழம்பில் போடுவேன் என்று சிரித்தவர்கள்தான் எல்லோரும். ஒரு பெண் ஊற்றிக்கொண்டே ஜெபமாலை சொல்ல, மற்றவர்கள் பதில் சொன்னார்கள். நைனா மழையில் ஓடி வந்து வாசலில் நின்றபோது எங்கள் முன்னறை முழுக்கத் தண்ணீரும் பெண்களுமாக இருந்தது. அவர் யாரையும் விலக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. மீன் நிமிரவில்லை, ஆனால் செவுள் அசைந்தது.

அதற்குப் பிறகு அது அதிக நாள் இருக்கவில்லை. நைனா நைட் ஷிஃப்ட் போயிருந்தார். காலையில் நான் எழுந்தபோது அம்மா தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாமாவின் கட்டம் போட்ட துண்டு, அதில் சுற்றி ஏதோ இருந்தது. தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு சுத்தமாக.

நைனா வந்தார். வழக்கம்போலத் தொட்டியைத்தான் முதலில் பார்த்தார். பிறகு அம்மாவின் மடியைப் பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கு கையிலிருந்து நழுவி விழுந்து உருண்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது அழுகை என்று எனக்குப் புரியவே நேரமாயிற்று.

"நான் தாம்மே போவச் சொன்னேன். ஆம்பளன்னா கடலுக்குப் போடான்னு நான் தான் சொன்னேன்" என்றார்.

"தெரியும்" என்றாள் அம்மா. "அடுப்பாண்ட நின்னு கேட்டுகினு தான் இருந்தேன்."

"அவன் வந்துருவான்னு… இது கீற வரைக்கும் வந்துருவான்னு…"

"நானும் நம்புனேன்யா. கொஞ்ச நாளு. பலக ஒதுங்குச்சின்னாங்களே, வாய் தான் அப்டிப் பேசிடுச்சி, மனசுக்குத் தெரிஞ்சிபோச்சி. அப்பால நீ நம்புறியேன்னு நம்புனேன். இது துன்னா தான் நீ எழுந்து வேலைக்குப் போவே. அத்தப் பாத்துகினே தான் இதுக்கு ஊட்டுனேன்."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள், எங்களுக்குத் துடைப்பது போல அழுத்தி.

"தண்ணி நல்லாத்தான்யா வெச்சிருந்தே. உன் மேல ஒண்ணும் இல்ல" என்றாள். "எழுந்துரு. கோயிலுக்குப் போயி பூசைக்குப் பேரு குடுத்துட்டு வா. நான் இத்தக் கடல்ல வுட்டுட்டு வரேன்."

அம்மா துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு கடற்கரைக் கற்கள் பக்கமாக நடந்தாள். நைனா ஷிஃப்ட் உடுப்போடு கோயிலுக்குப் போனார். தனியாக விட வேண்டாம் என்று அம்மா என்னைக் கூட அனுப்பினாள். உரிந்த தோலோடு இருந்த அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. மழை பெய்து முடித்த தெருவில் ஈரக் கரித்தூள் அப்பியிருந்தது. வழியில் யாரோ விசாரித்தார்கள், அவர் நடந்துகொண்டே இருந்தார்.

கோயில் அலுவலகத்தில் உபதேசியார் இருந்தார். பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க எழுதி வைப்பது அவர்தான். பெரியம்மா அவரிடம் எத்தனையோ தரம் வந்து அழுதிருக்கிறாள், எங்கள் கதை அவருக்கு முழுக்கத் தெரியும். நைனா மாமாவின் பெயரைச் சொன்னார். உபதேசியார் மெதுவாக எழுதிக்கொண்டார்.

"எப்ப எறந்தாருன்னு போடட்டும்? போட் போன அன்னிக்கா, காத்து அடிச்ச அன்னிக்கா?" என்று கேட்டார்.

நைனா உரிந்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு" என்றார். "இன்னிக்கு காலைல."

உபதேசியார் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வேறெதுவும் கேட்காமல் அப்படியே எழுதிக்கொண்டார்.